கடைசி மேசைக்கு ஒரு பாராட்டு

சான்-லெயோனார், மொன்றியல்
16 ஜனவரி 2005, ஞாயிறு

லியோனல்,

வியாழக்கிழமைப் பத்திரிகையில் நீ எழுதியதைப் படித்தேன். நான் தேடிப் போய்ப் படிக்கவில்லை. நான் வேலை பார்க்கும் பேக்கரியில் என் தலைக்கு மேலே யாரோ அதை வெட்டி ஒட்டிவிட்டார்கள். ரொட்டி வாங்க வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். "ஒடெட், உன் தம்பி நம்ம தெருவைப் பத்தி என்னமா எழுதியிருக்கான்!" என்கிறார்கள். என்னவோ எனக்குப் பெண் குழந்தை பிறந்தது போல வாழ்த்து.

"கடைசி மேசை" நம் பிரெஞ்சு மொழியில் வந்த தொலைக்காட்சித் தொடர்களிலேயே தலைசிறந்தது என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். அது உன் பிழைப்பு. ஆனால் அடுத்த வரி? "ஒரு கொலைக்குத் தலையசைத்துவிட்டு, பேத்தியின் செருப்பு வாரைக் குனிந்து மாட்டிவிடும் அந்த விரல்களைப் பாருங்கள், தீமைக்கு இத்தனை நளினம் உண்டா என்று வியப்பீர்கள்." கையில் கிரீம் பூசிய தட்டு இருந்தது, கீழே வைத்துவிட்டேன்.

அந்த விரல்களை எனக்குத் தெரியும். என் புருஷன் நிக்கோவின் காப்பிக் கடையில் அந்த விரல்கள் பிடித்த கோப்பைகளை வருஷக்கணக்காகக் கழுவியிருக்கிறேன். அந்த மாஃபியாக்காரர்களில் ஒருவர் பேசிக்கொண்டே மூக்கைக் குடைவார். இன்னொருவர் சர்க்கரைக் கிண்ணத்தில் சுருட்டுச் சாம்பலைத் தட்டுவார். நளினமாம்.

வருகிற பிப்ரவரி எட்டாம் தேதியோடு நிக்கோவை அந்தக் கடையிலேயே சுட்டுப் போட்டுப் பதினொரு வருஷம். அடக்கத்தன்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நீ. அதையெல்லாம் மறந்துவிட்டா எழுதினாய்?

ஒர்னெல்லா அந்தத் தொடரில் உடை தைக்கும் பிரிவில் இருப்பது உனக்குத் தெரியும். உன் பாராட்டைப் படித்ததும் எனக்கு போன் செய்து குதித்தாள். "மாமா எங்க உடைகளப் பத்திக்கூட ஒரு வரி எழுதியிருக்காரு, மாம்!" அவள் சந்தோஷத்தை நான் கெடுக்கவில்லை. உன் சந்தோஷத்தைக் கெடுக்கலாம் என்றுதான் எழுதுகிறேன். தொலைபேசியில் பேசினால் நீ ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஒடெட்


கெபெக் நகரம்
21 ஜனவரி 2005

அன்புள்ள ஒடெட் அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை, என்ன இருந்தாலும் நம் வீட்டில் நன்றாக எழுதத் தெரிந்தவள் நீதான் என்று தோன்றியது.

நான் அந்தக் கொலைகாரர்களைப் பாராட்டவில்லை. அவர்களைக் காட்டிய விதத்தைப் பாராட்டினேன். இரண்டும் ஒன்றல்ல என்று பத்து வருஷமாகச் சொல்லிக் களைத்துவிட்டேன், உன்னிடமும் ஒருமுறை சொல்கிறேன். இதுவரை நமக்குக் கிடைத்த குண்டர்கள் எல்லாரும் அமெரிக்கர்கள், நம் நடிகர்கள் குரல் கொடுத்த பொம்மைகள். இதில்தான் முதல்முறையாக ஒருவன் நம் தெருப் பேச்சில் மிரட்டுகிறான். பாதி வாக்கியத்தில் இத்தாலியத்துக்குத் தாவுகிறான், கோபம் வந்ததும் நம் பாதிரிமார்களின் பூசைச் சாமான்களை எல்லாம் வசவாகச் சொல்லித் திட்டுகிறான். யாரும் கத்துவதில்லை. துப்பாக்கிச் சத்தத்தைவிடக் கரண்டிச் சத்தம் பயமுறுத்துகிறது. பன்னிரண்டு லட்சம் பேர் வியாழக்கிழமை வீட்டில் அடைந்து கிடக்கிறார்கள் என்றால் அது வெறும் ரத்தத்துக்காக அல்ல, அக்கா.

நிக்கோவை நான் மறக்கவில்லை. அதை மட்டும் சொல்லாதே.

ஒரு வேண்டுகோள். பிப்ரவரி பத்தாம் தேதி வியாழன் இங்கே பனித் திருவிழா. நீ வந்து நான்கு நாள் என்னோடு தங்கேன். ரயில் சீட்டு எடுத்து அனுப்புகிறேன். அந்த வாரம் நீ அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார வேண்டாம். ஐந்தாம் பகுதி கொஞ்சம் கடுமையானது என்று கேள்வி. உன் மனசுக்கு ஒத்துக்கொள்ளாது. வேறொன்றும் இல்லை.

உன்
லியோனல்


சான்-லெயோனார்
13 பிப்ரவரி 2005, ஞாயிறு

லியோனல்,

ரயில் சீட்டை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நான் வந்திருப்பேன். பெட்டிகூடக் கட்டினேன். ஒர்னெல்லாதான் விடவில்லை. "இந்த வாரந்தான் என் வேல நிறைய வருது மாம், எங்கூட உக்காந்து பாரு" என்றாள். போனேன். மடியில் தட்டு வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பார்த்தோம்.

ஐந்தாம் பகுதியை நீ முன்னாலேயே பார்த்திருப்பாய், விமர்சகர்களுக்கு முன்கூட்டியே அனுப்புவார்களே. ஆனாலும் சொல்கிறேன். காப்பிக் கடை வைத்திருக்கும் ஒருவன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வீட்டில் விருந்து. அவன் கொஞ்சம் ஒயின் ஏறி, மனைவியின் தம்பியிடம் வாய் விடுகிறான். தன் கடையின் பின்னறையில் யார் யாரெல்லாம் வந்து கூடினார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். அந்தத் தம்பி பத்திரிகைக்காரன். இரண்டு வாரம் கழித்துப் பத்திரிகையில் ஒரு துணுக்கு வருகிறது. பெயர் இல்லை, தெரு இல்லை. "மீன்தொட்டி இருக்கும் ஒரு காப்பிக் கடைப் பின்னறையில்" என்று மட்டும். அவ்வளவுதான். அடுத்த மாதம் அவனைச் சுடுகிறார்கள்.

மீன்தொட்டி, லியோனல்.

ஒர்னெல்லா கவனிக்கவில்லை. அவள் அந்த நடிகனின் மேலங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுதேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, "நல்லா நடிச்சிருக்கார்ல?" என்றாள். ஆமாம், நன்றாக நடித்தான். என் புருஷனுக்கு நான் இவ்வளவு அழவில்லை. அதை நினைத்தபோது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

எங்கள் விருந்து 1993இல். மேசையில் நான், நிக்கோ, நீ, உன் அப்போதைய மனைவி பிரான்சின். ஒர்னெல்லா பன்னிரண்டு வயசு, மேலே தூங்கிக்கொண்டிருந்தாள். நிக்கோ தானே காய்ச்சிய ஒயினை உன் கோப்பையில் ஊற்றி, "மச்சான், ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது" என்று ஆரம்பித்தது எனக்கு நினைவிருக்கிறது. பிறகு நான் தூர்த்தியேர் இறைச்சிப் பண்டத்தை அடுப்பிலிருந்து எடுக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

நேற்று நூலகத்துக்குப் போனேன். பழைய பத்திரிகைகளைப் படச்சுருளில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண் சுருளை மாட்டிக் கொடுத்தாள். 1994 ஜனவரி ஆறாம் தேதி, பதினான்காம் பக்கம், கீழ் மூலை. பதினொரு வரி. எழுதியவர் பெயர் இல்லை. நீ அப்போது வேலை பார்த்த பத்திரிகை.

ஒரே கேள்வி. அது நீயா?

ஒடெட்


கெபெக்
15 பிப்ரவரி 2005

அக்கா,

இரண்டு நாளாகப் போன் செய்கிறேன், நீ எடுக்கவில்லை. நேரில் வருகிறேன். இதைக் கடிதத்தில் பேச முடியாது.

லியோ


சான்-லெயோனார்
17 பிப்ரவரி 2005

வராதே. வந்தால் கதவு திறக்காது. கடிதத்தில் பேச முடியாதென்று நீயா சொல்வது? எழுதித்தானே பிழைக்கிறாய். எழுது.

ஒ.


கெபெக்
19 பிப்ரவரி 2005

அக்கா,

ஆமாம். நான்தான்.

இந்த ஒரு வரியை எழுத நான்கு தாளைக் கிழித்தேன்.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. பத்திரிகையில் எந்தத் தொலைக்காட்சியில் எத்தனை மணிக்கு என்ன படம் என்று அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். குற்றச் செய்திப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று ஐந்து வருஷமாகத் தவம். நிக்கோ அன்றைக்குச் சொன்னது எவ்வளவு பெரிய செய்தி என்று அவனுக்கே தெரியாது. அவனுக்கு அது தமாஷ். டொரொண்டோவிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் மீன்தொட்டியில் பல்செட்டைப் போட்டுவிட்டார், அதை எடுக்க இரண்டு அடியாட்கள் சட்டையைச் சுருட்டிக்கொண்டு கையை விட்டார்கள் என்பதுதான் அவன் சொன்ன கதை. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே பெயர்களை மனசில் குறித்துக்கொண்டேன்.

பல்செட்டை எழுதவில்லை. பெயர்களையும் ஆசிரியர் எடுத்துவிட்டார். மீன்தொட்டி மட்டும் மிஞ்சியது. அது ஒரு நிறம் கொடுக்கும் என்று நினைத்தேன். அந்தத் தெருவில் ஒரே ஒரு கடையில்தான் மீன்தொட்டி இருக்கிறது என்பது, சத்தியமாக, எனக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரி எட்டாம் தேதி செய்தி அறையில்தான் கேள்விப்பட்டேன். கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். அந்த வசந்தத்திலேயே மொன்றியலை விட்டேன். குற்றச் செய்தி வேண்டாம், தொலைக்காட்சிப் பக்கம் போதும் என்று இங்கே கேட்டு வந்தேன். நீ என்னை ஏன் இவ்வளவு தூரம் போகிறாய் என்று கேட்டாய்.

திபோதோவை, அந்தத் தொடரின் கதாசிரியனை, மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு விழாவில் சந்தித்தேன். மாஃபியாவைப் பற்றி எழுதப் போவதாகச் சொன்னான். குடித்திருந்தேன். யாரிடமாவது சொல்லித் தொலைக்க வேண்டும் என்று எட்டு வருஷமாகத் தொண்டைக்குள் இருந்தது, அவனிடம் கொட்டிவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினான். பிறகு அதை எழுதிவிட்டான்.

தெரிந்தும் ஏன் பாராட்டினாய் என்று கேட்பாய். கேள். என்னிடம் இருக்கும் பதில் இதுதான்: அது நன்றாக இருந்தது, அக்கா. அந்தத் தம்பி பாத்திரம் பத்திரிகையை மடித்து வைக்கும் இடத்தில், எனக்கு அவன் மேல் இரக்கம் வந்தது. பதினொரு வருஷத்தில் முதல் தடவை.

லியோனல்


சான்-லெயோனார்
24 பிப்ரவரி 2005

லியோனல்,

உன் மேல் உனக்கே இரக்கம் வந்ததாம். அதை என்னிடம் எழுதுகிறாய்.

தாளை இடது கையால் பிடித்துப் படித்தேன். வலது கையால் ரொட்டி தொட வேண்டும்.

அந்தத் தொடரில் கடைக்காரன் சாகும்போது நெஞ்சில் கை வைத்து மெதுவாகச் சரிகிறான். பின்னால் வயலின் அழுகிறது. நீ என்ன எழுதினாய்? "திரைக்கே உரிய கண்ணியமான சாவு." நிக்கோ எப்படிக் கிடந்தான் என்று உனக்குச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். தொட்டி உடைந்து தரையெல்லாம் தண்ணீர். அவன் முகம் தண்ணீரில் இருந்தது. காற்சட்டையை நனைத்திருந்தான். அவன் காதருகே ஒரு மீன் துடித்துக்கொண்டிருந்தது. நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? அந்த மீனை எடுத்து ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டேன். புத்தி பேதலித்துவிட்டது. போலீஸ்காரன் அதையும் எழுதிக்கொண்டான்.

அதுகூடப் பெரிதில்லை.

அதற்கப்புறம் ஆறு மாதம் அந்த விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்தாரே, ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி. "உங்க வீட்டுக்காரர் அவங்களுக்கு என்ன வேல பாத்தாரு, மேடம்? சும்மா யாரையும் சுட மாட்டாங்களே." நானும் நம்ப ஆரம்பித்தேன். அவன் பீரோவைக் குடைந்தேன். மெத்தையைக் கிழித்துப் பார்த்தேன். பொட்டலம், துப்பாக்கி, வேறொருத்தியின் கடிதம், ஏதாவது ஒன்று கிடைக்காதா என்று தேடினேன். ஒன்றும் கிடைக்காததால் இவன் எவ்வளவு சாமர்த்தியமாக ஒளித்திருக்கிறான் என்று நினைத்தேன். நீ வார இறுதியில் வருவாய். உன்னிடம் சொன்னேன். இந்தச் சமையலறையில்தான்.

"அவன் ஏதோ மறைச்சிருக்கான் லியோ."

நீ காப்பியைக் கலக்கிக்கொண்டே என்ன சொன்னாய்?

"யாருக்குத் தெரியும் அக்கா. இத்தாலிக்காரங்க அப்படித்தான். மனசுல ஒண்ணு, வெளில ஒண்ணு."

உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே சொன்னாய். அவன் மேல் விழுந்த மண் காயும் முன்னால் நீயும் ஒரு கை மண் போட்டாய்.

பதினொரு வருஷத்தில் நான் அவன் கல்லறைக்குப் போனது இரண்டே தடவை. ஒர்னெல்லா அப்பாவைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றினேன். இப்போது அவள் அவனைப் பற்றிக் கேட்பதே இல்லை. நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சாவுக் காட்சிக்கு மூன்று மேலங்கி தைத்தாளாம். ஒன்று ரத்தம் இல்லாமல், ஒன்று குண்டு பாயும்போது, ஒன்று பாய்ந்த பிறகு. மூன்றிலும் துளையை அவள்தான் பொசுக்கினாள், சிகரெட் முனையால், அளவு பார்த்து. சொல்லிவிட்டுத் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்டுவிட்டாள். உன்னோடு பேச அவளுக்கு ஒன்றும் இல்லை.

நீ செய்ய வேண்டியது ஒன்று. உன் பத்தியில் எழுது. பாராட்டு எழுதிய அதே இடத்தில், உன் பெயரோடு. அவன் யாருக்கும் ஆள் இல்லை, யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை, தன் வீட்டு மேசையில் தன் மச்சானிடம் ஒரு தமாஷ் சொன்னான் என்று எழுது.

ஒடெட்


கெபெக்
2 மார்ச் 2005

அக்கா,

கேட்பது நியாயம். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார். அந்த ஆட்களில் இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள். ஒருவர் உன் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி. பதினொரு வருஷம் கழித்து இதைக் கிளறினால் உனக்கும் ஒர்னெல்லாவுக்கும் என்ன ஆகும்? என்னைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆசிரியரிடம் மேலோட்டமாகப் பேசினேன். வழக்கறிஞரைக் கேட்க வேண்டும் என்கிறார். ஒரு வார்த்தைக்கு ஒன்பது பேர் கையெழுத்துப் போட வேண்டிய காலம் இது.

என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன். வருடாந்திர விருதுக் குழுவில் நான் இருந்தேன். "கடைசி மேசை" எல்லாப் பிரிவிலும் போட்டியில் இருக்கிறது. மனசாட்சிக்காகக் குழுவிலிருந்து விலகிக்கொண்டேன். அது சின்ன விஷயம் இல்லை.

கொஞ்சம் அவகாசம் கொடு.

லியோனல்


சான்-லெயோனார்
9 மார்ச் 2005

லியோனல்,

விருதுக் குழுவிலிருந்து விலகினாயாம். நிக்கோ எழுந்து உட்கார்ந்துவிட்டான், போ.

எங்களைப் பற்றிப் பயப்படாதே. நீ எழுதும்வரை காத்திருக்காமல் நானே போய்ச் சொல்லிவிட்டேன். நேற்று மத்தியானம் நிக்கோவின் பழைய கடைக்குப் போனேன். பதினொரு வருஷத்தில் அந்த நடைபாதையில்கூட நான் கால் வைத்ததில்லை. கடை கைமாறி வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். கிழவர்கள் அதே கிழவர்கள்தான். எட்டுப் பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் "கடைசி மேசை" பெரியவர் மாதிரியே கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கையை உள்ளே விடவில்லை. ஒருத்தர் குழாய் ரிப்பேர்காரர், எனக்குத் தெரியும்.

நாவிதர் பிலிப்போவை உனக்கு ஞாபகம் இருக்கும். நிக்கோவுக்கு முடி வெட்டியவர். அவர்தான் முதலில் எழுந்தார்.

"வாங்க சிஞ்ஞோரா. உக்காருங்க. காப்பி சொல்லட்டுமா?"

"வேணாம். ஒண்ணு சொல்லிட்டுப் போக வந்தேன். எல்லாரும் கேளுங்க. என் புருஷன் அவங்க ஆள் இல்ல."

சீட்டைக் கீழே வைத்தார்கள். பிலிப்போ என்னை ஒரு மாதிரி பார்த்தார், குழந்தையைப் பார்ப்பது போல.

"அது தெரியுமே."

"யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்குந்தான். அவங்க ஆளா இருந்தா சவத்துக்கு ஆளுயர மாலை வந்திருக்குமே. ஒரு பூ வரலியே. பேப்பர்ல எவனோ மீன்தொட்டின்னு எழுதினான், அதுக்குக் கொடுத்த பலி நம்ம நிக்கோ. அன்னிக்கே பேசிக்கிட்டோம்."

"அன்னிக்கேவா? அப்ப ஏன் யாருமே எங்கிட்ட சொல்லல?"

அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். ஒருத்தரும் தலை நிமிரவில்லை.

"நீங்க கேக்கலியே, சிஞ்ஞோரா."

நீயும் அதையே சொல்லியிருப்பாய். கேட்கவில்லையே என்று. தேவாலயத்தில் எனக்கு முன்னால் மண்டியிட்டவர்கள், என்னிடம் ரொட்டி வாங்கியவர்கள், எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பொண்டாட்டிக்கு மட்டும் தெரியவில்லை. அவர்கள் சும்மா இருந்தார்கள், நீ உன் பத்தியில் பாராட்டினாய்.

எதிரே ஒரு தாம்பாளம் நிறைய பிஸ்கோத்து இருந்தது. தூக்கி அடிக்கலாம் போல இருந்தது. செய்யவில்லை. பிலிப்போ கதவு வரை வந்து, "அவன் ஒரு நாளும் எங்கிட்ட முடி வெட்டிக்கிட்டுச் சும்மா போனதில்ல, சிஞ்ஞோரா. ஏதாவது சொல்லிச் சிரிக்க வச்சுட்டுத்தான் போவான். கத்தி புடிச்ச கை ஆடும்" என்றார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

நான் சொல்லிவிட்டேன். இனி உன் முறை. பதினேழாம் தேதி வியாழன் உன் பத்தி வரும் நாள்.

ஒடெட்


கெபெக்
19 மார்ச் 2005

அன்புள்ள அக்கா,

வந்துவிட்டது! இத்துடன் பத்திரிகை வைத்திருக்கிறேன். பத்தி கேட்டேன், ஆசிரியர் முழுப் பக்கமே கொடுத்தார். தலைப்பும் அவர் வைத்ததுதான்: "என் கையில் ரத்தம்". எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டது, ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டு நாளாகத் தொலைபேசி ஓயவில்லை. இருநூறுக்கு மேல் கடிதம். ஒரு பேராசிரியர் தன் மாணவர்களுக்கு இதைப் பாடமாக வாசித்தாராம். வானொலியில் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். பேசும்போது குரல் உடைந்துவிட்டது, நிகழ்ச்சி நடத்துகிறவரும் அழுதுவிட்டார். தெருவில் ஒரு பெண் என் கையைப் பிடித்து, "உங்க தைரியம் யாருக்கும் வராது" என்றாள். திபோதோகூடக் கூப்பிட்டான். இரண்டாம் ஆண்டுத் தொடரில் அந்தத் தம்பியையே மையமாக வைக்கலாமா என்று கேட்கிறான். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அக்கா, பதினொரு வருஷத்துக்குப் பிறகு நேற்று நன்றாகத் தூங்கினேன். இதைச் செய்ய வைத்தவள் நீ. இப்போதாவது உன் மனசு ஆறியதா?

உன்
லியோ


சான்-லெயோனார்
23 மார்ச் 2005

லியோனல்,

படித்தேன். ஒர்னெல்லாவும் படித்தாள்.

நன்றாக எழுதியிருக்கிறாய். எப்போதும் போல. உன் தூக்கமின்மை ஒரு பத்தி. உன் குடி ஒரு பத்தி. உன் மணமுறிவு, உன் வாந்தி, பனியில் நீ தனியாக நடந்த நடை. பக்கத்தின் நடுவில் உன் படம், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு. அவர்கள் உன் கையைப் பிடித்து அழுததில் ஆச்சரியமில்லை. எனக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. அப்புறம் வாயைக் கொப்பளித்தேன்.

முழுப் பக்கத்தில் என் புருஷன் பெயர் ஒரே ஒரு இடத்தில் வருகிறது. மூன்றாம் பத்தி, கடைசி வரி. "நிக்கோலா" என்று போட்டிருக்கிறாய்.

அவன் பெயர் நிக்கோலா இல்லை.

பதினான்கு வருஷம் உன் அக்கா புருஷன். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் உனக்கு ஆட்டுத் தொடை வறுத்துப் போட்டவன். உன் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது அவன்தானே, முழுப் பெயரோடு? அவன் பெயர்கூட உனக்குத் தெரியாதா? தெரியும். நீ பார்க்கவில்லை. உன் பக்கத்தில் நீ உன்னை மட்டும்தான் பார்த்தாய்.

ஆறியதா என்று கேட்டாய். இல்லை.

கீழே நான் எழுதியிருப்பதை அப்படியே போடு. ஒரு சொல் கூட்டாதே. உன் பெயர் வேண்டாம், உன் படம் வேண்டாம்.

"திருத்தம்: மார்ச் 17 அன்று இப்பத்திரிகையில் குறிப்பிடப்பட்டவரின் பெயர் நிக்கோதேமோ பலந்தோனியோ. அவர் காப்பிக் கடை வைத்திருந்தார். வேறெந்தத் தொழிலும் அவருக்கு இருந்ததில்லை."

ஒடெட்


கெபெக்
31 மார்ச் 2005

அக்கா,

இன்றைக்கு வந்திருக்கிறது. இரண்டாம் பக்கம், கீழே. ஒரு சொல் கூட்டவில்லை. "வேறெந்தத் தொழிலும்" என்ற வரி திருத்தமாகாது, எடுத்துவிடலாம் என்று செய்தி ஆசிரியர் சொன்னார். அதை எடுத்தால் நானும் போகிறேன் என்றேன். போட்டார்கள்.

அந்தக் கட்டுரையை மூன்று முறை பிழை பார்த்தேன். காற்புள்ளியெல்லாம் மாற்றினேன். அவன் பெயரின் மேல் மூன்று முறையும் கண் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. உன் கடிதம் வந்த பிறகு இதைப் பற்றி அழகாக ஏதாவது எழுதத் தோன்றியது. எழுதவில்லை.

திபோதோவிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவன் எழுதத்தான் போகிறான். என்னைக் கேட்டுக்கொண்டு எழுத மாட்டான், அவ்வளவுதான்.

நிக்கோவைக் கொன்றது நான். மன்னிப்புக் கேட்கவில்லை.

லியோனல்


சான்-லெயோனார்
5 ஏப்ரல் 2005

லியோனல்,

பார்த்தேன். சரியாக இருக்கிறது.

ஒர்னெல்லா நான்கு பிரதி வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கல்லறைக்குப் போனோம். பனி உருகி ஒரே சேறு. அவளுடைய புதுக் காலணி பாழ். கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினோம். திரும்பி வந்து ஈரக் காலுறைகளைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தபோது, அவள் சட்டென்று கேட்டாள்:

"அப்பா சிரிச்சா எப்படி இருக்கும், மாம்?"

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் அவனைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. எனக்கு எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. முதலில் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும், அப்புறம் மேசையைத் தட்டுவான், அவன் தட்டுகிற தட்டில் கரண்டியெல்லாம் எகிறும் என்று சொன்னேன். செய்து காட்டினேன். அவள் இன்னொரு தடவை செய் என்றாள். டொரொண்டோக்காரரின் பல்செட்டுக் கதையையும் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

வெளிச்சம் போகும்வரை பேசிக்கொண்டிருந்தோம். உன்னைப் பற்றிய பேச்சே வரவில்லை.

ஒடெட்